மூன்றாவது வரிசையில் ஒரு வெறும் வட்டம்

எக்ஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதாம். கிங்ஸ் சர்க்கிள் ஹாலில் நம் பழைய மாணவர்கள் கூடிச் சாப்பிட்டோமே, அன்றைக்குத் தாணேயிலிருந்து வந்திருந்த ரிட்டயர்ட் பேங்க்காரர் இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னார். “இவனுக்கென்னப்பா, ஏழாவதோட நின்னவன். எக்ஸும் தெரியாது, ஒய்யும் தெரியாது. அதான் நிம்மதியா முன்னுக்கு வந்துட்டான்.” எல்லாரும் சிரித்தீர்கள். அந்தப் பாயசம் யார் செலவு என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பழைய மாணவர் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பிறகு செக்ரெட்டரி போன் செய்தார். என்ன எதிர்பார்த்தார் என்று தெரியும். கோட்டுப் போட்ட ஒரு படம், கீழே நாலு வரி வாழ்த்து. படமும் கிடையாது, வாழ்த்தும் கிடையாது. அந்த எக்ஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் கையால் எழுதுகிறேன். எங்கள் ஆபீஸ் பெண் டைப் அடித்துத் தருவாள். ஒரு வார்த்தையை அழகாக்கினாலும் திருப்பி அடிக்க வைப்பேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

தாராவியிலிருந்து செம்பூர் வரைக்கும் தரைத்தள வீடு வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மழைக்கு முன்னால் தரையை உயர்த்த வேண்டும், படியை உயர்த்த வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று. என்ஜினியருக்குப் படித்த பையன்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்கள் கொண்டுவருகிற டிராயிங்கை மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்து தலைகீழாகப் பார்த்தே தப்பு எங்கே என்று சொல்லுவேன். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரே ஒரு பாடம் தவிர. அந்தப் பாடம் நடந்த வகுப்பில் நீங்களும் இருந்தீர்கள். உங்களுக்கு அது பரீட்சைக்கு வந்தது. எனக்கு அது வீட்டுக்கு வந்தது.

எங்கள் சந்து எப்படி இருந்தது என்று உங்களில் மாட்டுங்காப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கைவண்டி வந்தால் இருவருமே யார் வீட்டுக்குள்ளாவது ஏறிக்கொள்ள வேண்டும். நடுவில் கட்டர், திறந்த சாக்கடை. ஒரு பக்கம் எங்கள் வீடு. அதற்கு நேர் எதிரே சித்தப்பா வீடு. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தகரப் பெட்டியோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள். ஒரே டின் பட்டறையில் வேலை. காலி எண்ணெய் டின்களை வெட்டி, மரச்சுத்தியால் தட்டித் தகடாக்குகிற பட்டறை. இரண்டு பேர் உடம்பிலும் ஒரே கடலை எண்ணெய் நாற்றம். ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்கள் நேராகப் பேசிக்கொண்டதில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவார்கள்.

காரணம் தண்ணீர். மழைக்காலத்தில் கடல் ஏறி நிற்கிற நேரம் பெருமழை பிடித்தால் கட்டர் தண்ணீர் வெளியே போகாது, திரும்பி வரும். அதனால் மே மாதம் முடிகிறபோது எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எங்கேயாவது இடித்த கட்டடத்தின் கல்லையும் மண்ணையும் கூடையில் கொண்டுவந்து கொட்டி, அதன்மேல் செங்கல் வரிசை வைத்து, அவரவர் வாசற்படியை உயர்த்திக்கொள்வார்கள். இந்தக் கழிவை ராபிட் என்போம். உயர்த்துவது தண்ணீரைத் தடுக்க என்பார்கள். அது பாதிப் பொய். தண்ணீரைத் தடுக்க யாராலும் முடியாது. எதிர்வீட்டுக்கு அனுப்பத்தான் முடியும். என் வீட்டில் ஏறாத தண்ணீர் எங்கே போகும்? உன் வீட்டில் ஏறும். சந்தில் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுப் படியை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்த காலம் அது. ஒற்றுமையாக இருந்தோம், ஒரே குடும்பம் போல இருந்தோம் என்று உங்களில் சிலர் மேடையில் பேசுகிறீர்கள். நீங்கள் எந்தச் சந்தில் இருந்தீர்களோ தெரியவில்லை.

எங்கள் படி சந்திலிருந்து ஒரு செங்கல் வரிசை உயரம். சித்தப்பாவுடையது இரண்டு வரிசை. முந்தின வருஷத் தண்ணீர் மூன்று வரிசை உயரத்துக்கு வந்து இரண்டு வீட்டிலும் புகுந்தது. பட்டறை எண்ணெய் கலந்த தண்ணீர். வடிந்த பிறகு சுவரெல்லாம் கறுப்பாக ஒரு கோடு நின்றது. சுண்ணாம்பு அடித்தாலும் மறையாத கோடு.

அந்த வருஷம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். செம்பூரில் அவள் மாமனார் வீடு. மே கடைசியில் ஆண்பிள்ளை பிறந்தது. எங்கள் வீடு ஒரே அறை. கூரையின் மூங்கிலில் அம்மாவின் பழைய சேலையைத் தொட்டிலாகக் கட்டியிருந்தார்கள். அக்கா அதன் கீழே தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பாள். பூண்டும் பெருங்காயமும் மணக்கிற அந்த அறையில் அம்மாவுக்கு ஒரே பயம்தான். “பச்ச ஒடம்புக்காரி. இவ முதுகுல ஈரம் படக் கூடாது. இந்த வருசம் தண்ணி உள்ள வரக் கூடாது. நான் வேற ஒண்ணும் கேக்கல.” வாசலைப் பார்த்தே சொல்லுவாள். அப்பா வெளியே போய்ப் படியைக் காலால் தட்டிப் பார்ப்பார்.

ஜூன் முதல் தூறலுக்கு அப்பா ராபிட் கொண்டுவந்து இறக்கினார். அதைப் பார்த்த சித்தப்பாவும் அன்று சாயந்திரமே இறக்கினார். அப்பா கொத்துக்கரண்டியை எடுத்தால் அவரும் எடுப்பார். கடைசியில் இரண்டு பேரும் கரண்டியை ஓங்கிக்கொண்டு கட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். ஊர்ச் சங்கத்துப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து முதலில் பம்பாய் வந்தவர் அவர் என்பதால் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வெயில் அடித்தாலும் குடை பிடித்து நடக்கிற மனிதர்.

பெரியவர் குடைக் கம்பால் சுவரில் இருந்த கறுப்புக் கோட்டைத் தொட்டார். “போன வருசத் தண்ணி எங்க நின்னுச்சு? இங்க. ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஏத்துங்க. இதுக்கு மேல எவனாவது ஒரு கல்லு வச்சான்னா அவன் சங்கத்துல இல்ல.”

கொத்தனாரிடமிருந்து தண்ணீர்க் குழாய் வாங்கி வந்தார்கள். கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிற நீளக் குழாய். உள்ளே தண்ணீர் ஊற்றி ஒரு முனையை எங்கள் படியிலும் மறுமுனையை எதிர்ப்படியிலும் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து இரண்டு வாசலிலும் மூன்றாவது வரிசை மட்டத்தில் ஆணியால் கீறி, படியை அதுவரைக்கும் ஏற்றினார்கள். அப்புறம் எங்கள் ஊர் வழக்கப்படி சத்தியம். உள்ளங்கையில் சூடம் ஏற்றி, அதைத் தரையில் அடித்து அணைக்க வேண்டும். அப்பா அடித்தார். சித்தப்பாவும் அடித்தார். சூடப் புகையில் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அண்ணன் தம்பியைச் சமமாக்கிவிட்ட திருப்தி முகத்தில் அப்படி வழிந்தது. தண்ணீரை யாரும் சத்தியத்துக்குக் கூப்பிடவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரத்திலேயே பள்ளிக்கூடம் திறந்தது. நம் கணக்கு சாரை நினைவிருக்கிறதா? மாட்டுங்காவிலிருந்து குடையும் ஷூவுமாக நடந்து வருவார். தாராவிக்குள் நுழைகிற இடத்தில் ஷூ நனைந்துவிடும். வகுப்புக்கு வந்ததும் காலுறையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் காயப் போடுவார். ஈரக் காலுறை நாற்றத்தில்தான் நாம் கணக்குப் படித்தோம். உங்கள் பேச்சில் அவர் ஒரு மகான். எனக்கு அவர் அந்தக் காலுறைகள்தான்.

அன்றைக்கு அவர் போர்டில் எக்ஸ் கூட்டல் இரண்டு என்று எழுதி, பக்கத்தில் வாயைத் திறந்த மாதிரி ஒரு குறி போட்டு, ஐந்து என்று எழுதினார். இதற்கு அசமன்பாடு என்று பெயர், இரண்டு பக்கமும் சமமாக இருக்காது என்றார்.

“எக்ஸோட ரெண்டைக் கூட்டினா அஞ்சை விடப் பெரிசு. அப்போ எக்ஸ் என்ன? ரெண்டு பக்கத்திலேருந்தும் ரெண்டை எடு. என்ன வர்றது? எக்ஸ் மூணை விடப் பெரிசு.”

அப்புறம் ஒரு நீளக் கோடு கிழித்து, பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் போட்டார். மூன்றின் மேல் ஒரு சின்ன வட்டம் வரைந்தார். வட்டத்திலிருந்து வலது பக்கம் அம்புக்குறி.

“வட்டத்தை நிரப்பக் கூடாது. வெறும் வட்டம். ஏன்னா மூணு இதிலே சேராது. மூணுக்கு மேலே ஒரு இழை இருந்தாலும் சேரும். மூணு மட்டும் சேராது.”

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களைப் போல நோட்டில் எழுதவில்லை. எனக்கு அந்தக் கோடு படுத்திருக்கிற கோடாகத் தெரியவில்லை. எழுந்து நின்றது. பூஜ்யம் எங்கள் சந்து. ஒன்று, இரண்டு, மூன்று செங்கல் வரிசைகள். மூன்றில் கறுப்புக் கோடு. எங்கள் படி ஒன்றில் இருந்தது. ஒன்றோடு எக்ஸைக் கூட்டினால் மூன்றை விடப் பெரியதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றை எடுத்தால், எக்ஸ் இரண்டை விடப் பெரிது. அப்பா வைத்தது சரியாக இரண்டு. நான் எழுந்துவிட்டேன்.

“சார், தண்ணி சரியா மூணுலயே நின்னா அந்த வட்டத்த நெரப்பணுமா, வேண்டாமா?”

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குப் பின் பெஞ்சிலிருந்து இப்போது தாணேயில் இருக்கிற நம் பேங்க்காரர்தான் சொன்னார். “சார், அவங்க வீட்டுக்கு எக்ஸ் கட்டர் வழியா வருது சார்.” சிரிப்பு அதிகமானது.

சார் ஜன்னலில் தொங்குகிற காலுறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தண்ணீரை மிதித்து வந்த தன்னைத்தான் நான் கிண்டல் செய்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு எதற்குத் தண்டனை என்றே தெரியவில்லை.

“உங்க ஏரியாத் தண்ணியைப் பத்தி என்கிட்டயே பேசறியா? நக்கலா? வெளியிலே போய் நில்லு.”

வராந்தாவில் நின்றேன். சாரல் அடித்தது. காலுறைகளுக்கு நடுவில் போர்டு தெரிந்தது. சார் அந்தக் குறிக்குக் கீழே இன்னொரு சின்னக் கோடு சேர்த்து, இப்போது மூன்றும் சேரும், வட்டத்தை நிரப்பலாம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் நிரப்பினீர்கள். பென்சிலை எச்சில் தொட்டு நிரப்பினீர்கள். எனக்கு விடை தெரிந்துவிட்டது. என் கணக்கில் அந்த இரண்டாவது குறி கிடையாது. தண்ணீர் அப்படி விட்டுக்கொடுக்காது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்து, வாசலுக்குப் பக்கத்தில் வெளிச்சுவரில் அந்தக் கோட்டை நிற்க வைத்து வரைந்தேன். கீழே பூஜ்யம். ஒவ்வொரு செங்கல் வரிசைக்கும் ஒரு எண். மூன்றில் வெறும் வட்டம். என்னிடம் ஒரு காம்பஸ் பாக்ஸ் இருந்தது. மஞ்சள் தகர டப்பா, மூடி ஒரு பக்கம் துருப்பிடித்தது. அதிலிருந்த காம்பஸை வைத்து வட்டத்தைச் சரியாகப் போட்டேன். அதிலிருந்து மேல்நோக்கி ஓர் அம்பு.

அப்பா பட்டறையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“எப்பா, ரெண்டு வரிசை வச்சது பத்தாது. ரெண்டுக்கு மேல வேணும்.”

“என்னது?”

“கோட்டுக்கு மேல இருக்கணும்பா. கோட்டுலயே இருந்தா சேராது. சார் சொல்லித் தந்தாரு.”

“ஒங்க சாருக்கு நம்ம சந்தத் தெரியுமாலே?”

“தெரியாது. கணக்கு அப்படித்தான் வருது.”

“பெரியவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சு போச்சோ? சூடம் அடிச்சிருக்கேன். இதுக்கு மேல ஒரு கல்லு வச்சா நான் மனுசனா? செவத்தக் கரியாக்காதல, போ.” கால் துடைத்த துண்டால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். அம்மா குழந்தைக்கு வசம்பு உரசிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் சாயந்திரம் சித்தப்பா கட்டரைத் தாண்டி வந்து அந்தக் கோட்டின் முன்னால் நின்றார். அப்பா வீட்டில் இல்லை. பீடியைக் கையில் மறைத்துப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத்தான் கேட்டார், வழக்கம் போல.

“இது என்னலே, நடுவுல ஒண்ணும் இல்லாம ஒரு வட்டம்?”

“மூணு சேராதுன்னு அர்த்தம் சித்தப்பா.”

“எதுல சேராது?”

“தண்ணி மூணு வரைக்கும் வருதுல்லா? அப்ப படி மூணா இருந்தா ஆகாது. மூணுக்கு மேல இருக்கணும். எவ்வளவு மேலன்னு இல்ல, அந்த அம்பு போற பக்கம் எங்க வேணும்னாலும் இருக்கலாம்.”

“மூணும் மூணும் சமம்லா. சமமா நின்னா உள்ள எப்படிலே வரும்?”

“சமமா எவ்வளவு நேரம் நிக்கும்?”

இந்தப் பதிலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சார் புத்தகத்திலும் கிடையாது. சித்தப்பா பீடியை இரண்டு இழுப்பு இழுத்தார். “ம்” என்றார். போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு தடவைதான் பெரியவர்களில் ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டு, பதில் முடிகிறவரை நின்றார். அவர் எங்கள் விரோதி.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே வானம் இருண்டு கிடந்தது. மதியத்துக்குள் கட்டர் தெரியவில்லை. சந்து முழுக்க ஒரே தண்ணீர், அதன்மேல் பட்டறை எண்ணெய் வானவில் மாதிரி நெளிந்தது. முதல் வரிசை மூழ்கியது. இரண்டாவது வரிசை மூழ்கியது. சந்தில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது வரிசையின் விளிம்புக்கு வந்து தண்ணீர் நின்றது. ஆணியால் கீறிய கோட்டில், சொல்லி வைத்த மாதிரி நின்றது.

அப்பாவின் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். “பாத்தியாலே? கோட்டோட நிக்கி. பெரியவர் வாக்கு.” அம்மாகூட மூச்சு விட்டாள். உள்ளே தரை காய்ந்து கிடந்தது. தொட்டில் லேசாக ஆடியது. தொட்டிலுக்குக் கீழே பாயில் அக்கா.

அப்போது சந்து முனையில் ஒரு கைவண்டி திரும்பியது. பட்டறை முதலாளியின் டின்கள். நனையாமல் மேட்டுக்குக் கொண்டுபோக, முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் இருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் யாரையும் கெடுக்க வரவில்லை. நடந்தார்கள், அவ்வளவுதான். வண்டிக்கு முன்னால் தண்ணீர் ஒரு மடிப்பாக உருண்டு வந்தது. பெரிய அலையெல்லாம் இல்லை, போர்வையை உதறினால் வருகிற மடிப்பு. அது எங்கள் படியில் ஏறி, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பாயைத் தொட்டது. அடுத்த மடிப்பு ஸ்டவ்வைத் தொட்டது. வண்டி போன பிறகு பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கால் வைப்புக்கும் ஒரு மடிப்பு. சமம் என்பது ஒருத்தன் நடந்தால் உடைந்து போகிற விஷயம். அதற்கு மேல் ஒரு இழை வேண்டும் என்று சார் சொன்னது அந்த இழையைத்தான்.

எங்கள் அறையில் கணுக்கால் தண்ணீர். அக்கா தகரப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து தொட்டிலைப் பிடித்துக்கொண்டாள். அவள் பாவாடை முழங்கால் வரை நனைந்துவிட்டது. குழந்தைக்கு மாற்றக் காய்ந்த துணி என்று வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

எதிர்வீட்டில் சித்தி வாசலில் நின்றாள். அவர்கள் படியிலும் மடிப்பு ஏறியது. ஏறி, கதவுக்கு உள்ளே இரண்டடி தள்ளி வைத்திருந்த ஒரு செங்கல் வரிசையில் முட்டித் திரும்பியது. மேலே சாக்கைப் போட்டு மூடி, ஏதோ அடுப்புத் திண்டு மாதிரி வைத்திருந்தார்கள். சாக்கு நனைந்து விலகியபோது சந்தே பார்த்தது. சித்தி முறத்தால் மிச்சத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏளா, புள்ளையத் தூக்கிட்டு இங்க வா. இங்க காஞ்சு கெடக்கு.”

அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “சத்தியத்தத் தின்ன வீடு அது. அந்தப் படியில கால வச்சேன்னா இந்தப் படி ஒனக்கு இல்ல.”

அக்கா பெட்டியிலிருந்து இறங்கினாள். தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“இந்தப் படி எங்கப்பா இருக்கு? தண்ணிக்குள்ளல்லா கெடக்கு.”

அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கி, கெண்டைக்கால் அளவு எண்ணெய்த் தண்ணீரில் நடந்து எதிர்வீட்டில் ஏறினாள். சித்தப்பா ஒதுங்கி வழிவிட்டார். அன்றைக்கு அக்காவும் பிள்ளையும் காய்ந்த தரையில் படுத்தார்கள். அப்பா எங்கள் வீட்டில் கட்டிலே இல்லாததால் தகரப் பெட்டிமேல் குந்தி உட்கார்ந்திருந்தார். சத்தியத்தைக் காப்பாற்றிய மனிதர்.

தண்ணீர் வடிந்ததும் பெரியவர் குடையோடு வந்தார். வாசலில் கூட்டம். அப்பா எதிர்வீட்டுச் செங்கலைக் காட்டினார். பெரியவர் சித்தப்பாவைக் கேட்டார். “சூடம் அடிச்ச கைதானலே இது?”

“வாசப்படிக்குச் சூடம் அடிச்சேன். நடுவீட்டுக்கா அடிச்சேன்?” என்றார் சித்தப்பா. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் முகம் சிவந்தது. சங்கத்தை விட்டுத் தள்ளிவிடுவார் என்று தெரிந்துவிட்டது. சித்தப்பா சட்டென்று எங்கள் சுவரைக் காட்டினார்.

“நானா யோசிக்கல இத. அண்ணன் மவன்தான் எழுதிப் போட்டிருக்கான், பாருங்க. மூணு சேராது, மேல வையின்னு அவன்தான் சொன்னான். நான் கேட்டேன், சொன்னான். அவரு கேக்கல.”

எல்லாரும் என் கோட்டைப் பார்த்தார்கள். தண்ணீர் வந்து நின்றதில் ஒன்றும் இரண்டும் கழுவிப் போய்விட்டன. வட்டத்தின் கீழ்ப்பாதியும் போய்விட்டது. மேல்பாதியும் அம்பும் அப்படியே இருந்தன. பெரியவர் அதைக் குடைக் கம்பால் தொட்டுப் பார்த்தார். இப்போதாவது விஷயம் விளங்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். “படிப்பு பயலக் கெடுத்துப்புட்டு. வீட்டு ரகசியத்த எதிரிக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுது.”

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்க மாட்டேன். “நாளையிலேருந்து பட்டறைக்கு வா” என்றார். பட்டறையில் நான் முதன்முதலில் தட்டி நிமிர்த்திய தகரம் என்னுடைய காம்பஸ் பாக்ஸ். அப்பாதான் மூடியைப் பிரித்துக் கொடுத்து, மரச்சுத்தியைக் கையில் வைத்தார். மஞ்சள் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. தட்டி முடித்ததும் அது மற்ற தகடுகளோடு அடுக்கில் போனது. எந்தக் கூரையில் எந்த ஓட்டையை அடைத்ததோ.

சார் என் பெயரை அடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். மைனஸால் வகுத்தால் அந்தக் குறி திரும்பிக்கொள்ளும் என்று பிறகு உங்களில் ஒருவர் சொல்லிக் கேட்டேன். அது எனக்குத் தெரியாது. ஏன் திரும்புகிறது என்று இன்றுவரை தெரியாது. என் தொழிலில் மைனஸ் கிடையாது, கட்டருக்குக் கீழே நான் வீடு கட்டுவதில்லை.

நான் விரோதிக்குக் காட்டிக் கொடுத்தேன் என்று அப்பா சாகிறவரை சொன்னார். அவருக்கு முதலில் சொன்னேன். அவர் துண்டால் தட்டினார். அக்காவை அவர் கடைசிவரை படியேற விடவில்லை. தண்ணீர் ஏறின படியில் மகள் ஏறவில்லை. அவரை எல்லாரும் நேர்மையான மனிதர் என்கிறார்கள். நேர்மையானவர்தான். அந்த நேர்மை எங்கள் பாயை நனைத்தது. சித்தப்பாவைப் பொய்யர் என்றார்கள். பொய்யர்தான். ஆனால் அந்தச் சந்திலேயே கணக்கைச் சரியாகப் போட்டவர் அவர் ஒருவர். அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தன் தலை தப்புவதற்கு என் தலையைக் கூட்டத்தில் நீட்டியவர். அவர் சாவுக்குப் போனேன். தோள் கொடுத்தேன். அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காமல் வந்தேன். அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த அக்கா மகன் இப்போது கோபர்கைரனேயில் ஏழாவது மாடியில் இருக்கிறான். மாமா, பாத்ரூம் சுவரில் ஓதம் அடிக்கிறது என்றால்தான் போன் வரும்.

பதினைந்து வருஷம் தகரம் தட்டினேன், அப்புறம் கொத்து வேலை, அப்புறம் சொந்தமாக. முதல் நாளிலிருந்து எனக்கு ஒரே விதிதான். பழைய தண்ணீர் எங்கே நின்றதோ அந்தக் கோட்டில் நான் படி வைக்க மாட்டேன். சமம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனிடம் வேலையே எடுக்க மாட்டேன். இதற்காகச் சண்டை போட்டு எத்தனையோ வேலையை விட்டிருக்கிறேன். அப்படி விட்ட வீடுகளுக்கு இரண்டு மழை கழித்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். போகவில்லை.

பேங்க்காரரே, செம்பூரில் உம்முடைய மகன் இருக்கிற தரைத்தள வீட்டுக்குப் படி வைத்தது என் ஆட்கள். படி ஒரு வரிசை அதிகம், ஏறினால் முட்டி வலிக்கிறது என்று பாயசத்துக்கு முன்னால்கூட என்னிடம் முறையிட்டீர். போன மழைக்குப் பக்கத்து வீடுகளில் பாய் மிதந்ததே, உம் மகன் வீட்டில் செருப்பு நனைந்ததா? அதைச் சொல்ல உமக்கு வாய் வரவில்லை.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் படி உயர்த்திய எந்த வீட்டிலும், பூச்சு வேலைக்கு முன்னால் ஆட்களை அனுப்பிவிட்டு, வாசலுக்குப் பக்கத்துச் செங்கல் சுவரில் கரித்துண்டால் நானே ஒரு கோடு போடுவேன். பழைய தண்ணீர் நின்ற இடத்தில் வட்டம். உள்ளே நிரப்ப மாட்டேன். அதிலிருந்து மேலே ஓர் அம்பு. அதற்கு மேல் சிமென்ட் பூசிவிடுவார்கள். உங்களில் நிறையப் பேர் தினமும் அதை உரசிக்கொண்டுதான் வீட்டுக்குள் போகிறீர்கள். எக்ஸ் அந்த அம்புக்குள் எங்கேயோ இருக்கிறது. எனக்குத் தெரியாதா என்று சந்தேகம் இருந்தால் சுவரை உடைத்துப் பாருங்கள்.

உடைத்தால் திரும்பப் பூச நான் வர மாட்டேன்.